காலி லாரியோடு வந்த தாய்மாமன்

மாது எனக்கு முதலில் ஒரு பச்சைப் புள்ளியாகத்தான் அறிமுகமானார். தருமபுரி பைபாஸ் ஓரத்தில் இருக்கிற லாரி கம்பெனி ஆபீஸில் என் வேலை, நாற்பத்திரண்டு லாரிகளைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. லாரி ஓடினால் புள்ளி பச்சை. நின்றால் சிவப்பு. எஞ்சின் ஓடியபடி நின்றால் மஞ்சள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மற்ற புள்ளிகளெல்லாம் துள்ளிக் குதிக்கும். ஒன்று மட்டும், சுவரில் இறங்கும் பல்லியைப் போல யோசித்து யோசித்து இறங்கும். யார் இது என்று கேட்டபோது, பக்கத்து மேசைக்காரர், "அது மாதண்ணன். அவரு எறங்கி முடிக்கறதுக்குள்ள நாம சாப்ட்டுட்டு வந்துரலாம்" என்றார்.

நேரில் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தார். நாற்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் சொந்த ஊர். இருபத்திரண்டு வருடமாக டிரைவர். கேபினில் ஏறும்முன் செருப்பைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வார். ஸ்டியரிங்கைத் துண்டால் ஒருமுறை துடைப்பார். போன் பேசினால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எஞ்சின் சத்தத்தில் பேசிப் பேசி வந்த பழக்கம். அதனால் அவர் குடும்ப விஷயம் எதுவும் எங்கள் ஆபீஸுக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

போன வருடம் பெங்களூர் தலைமை ஆபீஸிலிருந்து நான்கு பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'பணியில் இல்லாத நேரத்தில் நிறுவன வாகனத்தைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துதல் குறித்த நெறிமுறைகள்' என்று தலைப்பு. அதற்குக் காரணம் இருந்தது. அதுவரை எங்கள் டிரைவர்கள் லாரியைச் சைக்கிள் போலத்தான் வைத்திருந்தார்கள். மாமியார் வீட்டுக்கு வைக்கோல் கொண்டுபோனார்கள், மச்சான் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றினார்கள், ஒருவர் சினிமா தியேட்டரில் டூ வீலர் ஸ்டாண்டுக்குள் நிறுத்திவிட்டு இடைவேளையில் வந்து எடுத்திருக்கிறார். பதினாறு டன் லாரி ஒன்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஒகேனக்கல் போய் வந்ததைப் பெங்களூரில் யாரோ வரைபடத்தில் பார்த்துவிட்டார்கள். விளக்கம் கேட்டதற்கு, 'மீன் வாங்க' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் அந்த டிரைவர்.

சுற்றறிக்கையின் சாரம் இதுதான்: ஓய்வு நாளில் லாரியைச் சொந்தப் பயணத்துக்கு எடுக்கலாம். முன் அனுமதி வேண்டும். யார்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டிப் போகக்கூடாது. வண்டி காலியாக இருக்க வேண்டும். டிரைவரைத் தவிர யாரும் பயணம் செய்யக்கூடாது. அதாவது, லாரியை எதற்கும் பயன்படுத்தாமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான் அதைச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன். யாரும் படிக்கவில்லை. மாது மட்டும் இரண்டு நாள், நின்றபடியே, விரல் வைத்துப் படித்தார்.

"மாதண்ணன் டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போறாரு" என்றார்கள் மற்றவர்கள்.

"எழுதுனா நீங்கதான்டா பெயிலு" என்றார் அவர், விரலை எடுக்காமல்.

அந்தச் சுற்றறிக்கையின்படி லாரியை எடுக்க முதலில் விண்ணப்பித்தவரும் அவரே. காரணம் அவருடைய தங்கை சுகுணா.

சுகுணாவை மொரப்பூரைத் தாண்டி ஓர் ஏரிக்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் சுகுணாவின் மூத்த மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும்; மாமன் சீர்த்தட்டோடு வர வேண்டும். மாது வரவில்லை. நாக்பூரில் சரக்கு இறக்க நான்கு நாள் காக்க வைத்துவிட்டார்கள். "லாரிய வுட்டுட்டு எப்பிடிம்மா வர்றது?" என்று போனில் அழுதிருக்கிறார். பெரியப்பா மகன் குரு, முறைக்கு அவனும் மாமன்தான், டிராக்டரில் சீரோடு வந்து இறங்கி மடியைக் கொடுத்துவிட்டான். அந்தப் போட்டோ பெரிதாக்கப்பட்டு, சுகுணா வீட்டு ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறது. குரு பட்டுவேட்டியில் சிரிக்கிறான். பையன் வாய் திறந்து அழுகிறான். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாது டி.வி.க்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

இப்போது இளையவள் கனிமொழிக்கு மூன்று வயது. முனியப்பன் கோயிலில் காதுகுத்து. அதற்கு அழைத்துச் சுகுணா பேசியதை ஆபீஸில் ஆறு பேர் கேட்டோம்.

"அண்ணா, போன தடவ என்னா சொன்ன? லாரிய வுட்டுட்டு வர முடியாதுன்னு சொன்ன இல்ல?"

"ஆமாம்மா."

"இந்தத் தடவ அதையும் கூட்டிக்கிட்டு வா."

"அது என்னா மாடா, கூட்டிக்கிட்டு வர்றதுக்கு?"

"மாடா இருந்தாத்தான் கட்டிப் போட்டுட்டு வந்திருப்பியே. இத பாரு, லாரிக்காரன் தங்கச்சி, லாரிக்காரன் தங்கச்சின்னு இருவது வருசமாக் கூப்புடறாங்க. ஒரு நாளாச்சும் அந்த லாரி எங்கூருப் பக்கம் வந்திருக்குதா? லாரியோட வா. இல்லன்னா வராத. குரு டிராக்டரக் கழுவி ரெடியா வெச்சிருக்கான். முப்பத்தோரு தட்டாம். நீ வரலன்னா அவன் மடிதான், சொல்லிட்டன்."

போன் வைக்கப்பட்டது. ஆறு பேரும் அவரவர் கம்ப்யூட்டரைப் பார்த்தோம்.

மாது என் மேசைக்கு வந்தார். "தம்பி, அந்த அனுமதி போடு."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. சனிக்கிழமை இரவு லாரி தருமபுரி யார்டுக்குக் காலியாக வந்து சேரும். அடுத்த லோடு திங்கள்தான். யார்டிலிருந்து முனியப்பன் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் மூன்று தடவை அளந்தேன். முப்பத்து மூன்றரை. முனியப்பன் புண்ணியத்தில் ஒன்றரை கிலோமீட்டர் மிச்சம். அடுத்து, 'பயணத்தின் காரணம்' என்று ஒரு கட்டம். உணவு, தங்குமிடம், மருத்துவம், வாகனப் பழுது. நான்கில் ஒன்றைத்தான் தொட முடியும்.

"காதுகுத்து இல்லீங்கண்ணா."

"இல்லாம எப்பிடி? எல்லாரு வூட்டுலயும் இருக்கறதுதானே?"

"பெங்களூர்ல மறந்துட்டாங்க போலருக்கு. கெடா வெட்டறாங்க இல்ல? உணவுன்னு போட்டுரலாங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "சோத்துக்கா போறன் நானு?"

"அப்ப மருத்துவம்? காதுல ஓட்ட போடறது ஒருவகையில..."

"நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரி பேச்ச எடுக்காத தம்பி."

பத்து நிமிடம் யோசித்து, கடைசியில் தங்குமிடம் என்று போடச் சொன்னார். "தங்கச்சி வூட்டுலதானே தங்கப் போறன், அரை நாளுன்னாலும்" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். பெங்களூரில் இந்தப் பிரிவைப் பார்ப்பவர் சுசித்ரா மேடம். ஒரு மணி நேரத்தில் அவரே போன் செய்துவிட்டார். அனுமதி உண்டு, காலி வண்டி, டிரைவர் மட்டும்.

"மேடம், அவருக்குச் சீர்த்தட்டு கொஞ்சம் கொண்டுபோகணும்" என்றேன்.

"தட்டுல என்ன இருக்கு?"

"தேங்கா, வாழப்பழம், பாவாட சட்ட, வளையலு, இனிப்பு..."

"எத்தன தட்டு?"

"இருபத்தொண்ணு மேடம்."

"அது லோடுதானேப்பா? பேடா, பேடா, வேண்டாம். பஸ்ல கொண்டுபோகச் சொல்லு."

யார்டில் எல்லோரும் மாதுவுக்குப் புத்தி சொன்னார்கள். "ஏத்திக்கிட்டுப் போண்ணா. ஜி.பி.எஸ்.சுக்கு வாழப்பழம் தெரியுமா?" "பின்னாடி தார்ப்பாயிக் கட்டி நாப்பது பேர ஒக்கார வையி, எவனுக்குத் தெரியும்?" அவர்கள் சொன்னது உண்மை. என் திரையில் லாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர் கேட்டிருந்தால் நானும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை.

டீக்கடையில் வைத்துத்தான் ஒரே ஒரு தடவை சொன்னார். லைசென்ஸ் வாங்கின புதிதில், முதலாளிக்குச் சொல்லாமல் லாரியை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் முப்பது பேரைக் கோயிலுக்கு ஏற்றிப் போயிருக்கிறார். ஒரு திருப்பத்தில் பின்பக்கப் பலகையின் கொக்கி கழன்றது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுகுணா ரோட்டில் விழுந்தாள். இடது மணிக்கட்டு உடைந்து, கோணலாகவே கூடிப்போயிற்று. இன்றைக்கும் அந்தக் கையால் குடம் தூக்க முடியாது.

"யாரும் ஒரு வார்த்த திட்டல தம்பி. அன்னைக்குப் புரோட்டா வாங்கிக் குடுத்தாங்க எனக்கு. பயந்துட்டான் பையன்னு." டீயை ஆற்றினார். "அவ அந்தக் கதைய இன்னமும் சிரிச்சிக்கிட்டே சொல்லுவா, எங்கண்ணன் லாரில இருந்து வுழுந்தன்னு. விமானத்துல இருந்து குதிச்ச மாதிரி."

இனி நடந்ததைப் பாதி நான் திரையில் பார்த்தேன். மீதியை மாது பிறகு சொன்னார். அவர் விட்டதை அவர் மனைவி ராணியம்மாள் சொன்னார்.

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு லாரி யார்டை விட்டுக் கிளம்பியது. போனில் 'சொந்தப் பயணம்' என்ற பொத்தானை மாது தொட்டதும் திரையில் புள்ளி ஊதா நிறமானது. அப்படி ஒரு நிறம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாற்பத்தோரு பச்சை, சிவப்பு, மஞ்சளுக்கு நடுவில் ஒரே ஒரு ஊதா, மொரப்பூர் ரோட்டில் மெல்ல நகர்ந்தது.

ராணியம்மாளும் சொந்தக்காரப் பெண்கள் ஏழு பேரும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து இருபத்தொரு தட்டோடு மொரப்பூர் வந்து, அங்கே வேறு பஸ் மாறினார்கள். கண்டக்டர் படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது என்ன பஸ்ஸா, கல்யாண மண்டபமா?"

"மடியில வெச்சிக்கறோங்க. எங்க வூட்டுக்காரரு லாரிதான் ஓட்டறாரு."

"அப்ப லாரியில போறதுதானே?"

"அதுல நாங்க ஏறக்கூடாதுங்க."

"தட்டையாச்சும் ஏத்தலாம்ல?"

"தட்டும் கூடாதாம்."

"அப்ப லாரி எதுக்கும்மா?"

ராணியம்மாள் கொஞ்சம் யோசித்து, "கூட வர்றதுக்கு" என்றார்.

அது பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் எட்டுப் பெண்கள் மடியிலும் தலைக்கு மேலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு திணறிக்கொண்டிருக்க, பின் கண்ணாடி வழியே பார்த்தால், முப்பது அடிக்குப் பின்னால் பதினாறு டன் லாரி காலியாக, ஒரே ஒரு மனிதரோடு, தடதடவென்று வந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. பிரிவு ரோட்டில் எல்லோரும் இறங்கியபோது ஒன்பது முப்பது. அங்கிருந்து கோயில் ஒன்றரை கிலோமீட்டர். பாதி தூரம் ஏரிக்கரை மேல் போகிற ஒற்றை ரோடு. பம்பை மேளக்காரர்கள் நான்கு பேர் தயாராக நின்றார்கள். எனக்குப் போன் வந்தது.

"தம்பி, லாரி மொகத்துல ரெண்டு வாழக்கன்னு கட்டணுங்கறாங்க. அது லோடுல வருமா?"

"வெளிய கட்டினா அலங்காரந்தாங்கண்ணா."

"மாலை?"

"அதுவும்."

முன்னால் பம்பை. அடுத்து எட்டுப் பெண்களும், தட்டு தூக்க வந்த ஊர்ப்பெண்களும். அதற்குப் பின்னால் வாழைக்கன்று கட்டிய காலி லாரி. ஊர்வலம் கிளம்பியது. திரையில் வேகம் மூன்று கிலோமீட்டர் என்று காட்டியது.

அந்த ஊர் அப்படி ஒரு சீரைப் பார்த்ததில்லை. லாரியில் சீர் வரும், பார்த்திருக்கிறார்கள். சீர் நடந்து வந்து, லாரி சும்மா வருவது புதிது. "என்னடா இது, வண்டி காலியா வருது?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர், "அதான்டா கெத்து. ஏத்தறதுக்கு இல்ல, காட்டறதுக்கு" என்றார். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கரையேறி வந்து பம்பைக்கு ஆடினார்கள். சின்னப் பையன்கள் பின்பக்கம் தொற்றினார்கள். மாது ஒவ்வொரு தடவையும் லாரியை நிறுத்தி, இறங்கி, பின்னால் போய், ஒவ்வொருவனாகத் தூக்கிக் கீழே விட்டு, கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

"மாமா, கோயில் மட்டும் மாமா!"

"நடடா. காலு இருக்கில்ல?"

திரையில் பதினான்கு நிறுத்தம். மணி பத்தைத் தாண்டியது. சுசித்ரா மேடம் ஞாயிற்றுக்கிழமையும் திரை பார்ப்பவர். போன் வந்தது.

"அந்த ஊதா வண்டிக்கு என்ன ஆச்சு? அரை மணி நேரத்துல ஒரு கிலோமீட்டர் கூட போகல. பிரேக்டவுனா?"

"இல்ல மேடம். ரோட்டுல கூட்டம்."

"கிராமத்து ரோட்டுல என்ன கூட்டம்?"

"எல்லாம் அவங்க சொந்தக்காரங்கதான் மேடம்."

அவர் போனை வைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஏரிக்கரையில் குரு வந்து சேர்ந்தான். சிவப்பு டிராக்டர், டிரெய்லரில் முப்பத்தொரு தட்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து பேர். முன்னால் லாரியின் முதுகு. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் பத்தடிப் பள்ளத்தில் நெல் வயல். குரு ஹாரனை விடாமல் அடித்தான்.

"அண்ணா! கொஞ்சம் ஒதுங்குண்ணா!"

மாது தலையை வெளியே நீட்டினார். "எங்கடா ஒதுங்கறது? ஏரியிலயா?"

"வெறும் லாரிய வெச்சிக்கிட்டு ஊர மறிக்கறியேண்ணா. சீரு எங்கண்ணா? டீசல் டேங்க்ல வெச்சிருக்கியா?"

"முன்னாடி நடந்து போவுது பாரு."

கோயிலில் ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு ஊரில் இன்னொரு காதுகுத்து. பத்து பத்துக்குச் சுகுணா போன் செய்தார்.

"அண்ணா, எங்க வர்ற?"

"ஏரிக்கரையில."

"ஏரிக்கரையில இம்மா நேரம் என்னா பண்ற?"

"நீ சொன்னதுதான். லாரியக் கூட்டிக்கிட்டு வர்றன்."

"ஐயோ, ஆசாரி பைய மாட்டிக்கிட்டு நிக்கறாருண்ணா. பத்தரைக்கு மேல ஊசியத் தொட மாட்டேங்கறாரு. குருவாச்சும் எங்கன்னு தெரியுதா?"

"எம் பின்னாடிதான் நிக்கறான்."

இரண்டு மாமனும் ஒரே ரோட்டில் மாட்டிக்கொண்டால் மூன்றாவது மடிக்கு எங்கே போவது? சுகுணா வெடித்தார். "லாரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். எறங்கி ஓடியா!"

ஆனால் மாது ஓடவில்லை. எனக்குப் போன் செய்தார். அந்த நிமிடத்தில் அப்படிச் செய்யக்கூடிய டிரைவர் இந்த மாவட்டத்திலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"தம்பி, வண்டிய வழியில நிறுத்திட்டுப் போவலாமா? என்னா எழுதியிருக்குது, பாரு."

நான் எழுந்து சுவருக்கு ஓடினேன். நான்காம் பக்கம், ஒன்பதாவது விதி. "ஓட்டுநர் வாகனத்தை விட்டு நீங்கும்போது எஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குத் தடை வைத்து, சாவியைத் தன்னுடன் எடுத்துச் செல்ல வேண்டும்." படித்துக் காட்டினேன்.

"எங்க நிறுத்தணும்னு போடலையா?"

"போடலீங்கண்ணா."

"இன்னொரு தரம் பாரு."

"போடலீங்கண்ணா! போங்கண்ணா!"

புள்ளி நின்றது. எஞ்சின் அணைந்தது. மாது இறங்கி, கரையிலிருந்து நல்ல கல்லாக ஒன்று தேடிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். சாவியை இடுப்பில் செருகினார். செருப்பு கேபினுக்குள் துணிப்பையிலேயே இருந்துவிட்டது. மணி பத்து பத்தொன்பது.

அப்போதுதான் அங்கிருந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் புரிந்தது. லாரியில் எதையும் ஏற்றக்கூடாது என்று பெங்களூரில் சொன்னதால் மாதுவின் சீர் முழுக்கப் பெண்களின் கையில், லாரிக்கு முன்னால், நடையில் இருந்தது. நிறுத்த வேண்டியது லாரியைத்தான். சீரை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. மாது முன்னால் வந்து ராணியம்மாளிடமிருந்து பாவாடை சட்டைத் தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "ஆட்டம் போதும். நடங்க!" பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

குருவும் குதித்து இறங்கினான். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கும் ஏரிக்கும் நடுவில் நுழைந்தவனை டிரெய்லரிலிருந்து அவன் பெரியம்மாள் சத்தம் போட்டு நிறுத்தினாள்.

"வெறுங்கையோட போயி மாமன்னு நிப்பியாடா? தட்ட எடுத்துக்கிட்டுப் போடா!"

அவன் திரும்பினான். முப்பத்தொரு தட்டையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், ஆடாமல் இருப்பதற்காக. முடிச்சு அவிழவில்லை.

பத்து இருபத்தேழுக்கு மாது வெறுங்காலோடு, வேர்த்து ஒழுக, முனியப்பன் கோயில் வேப்ப மரத்தடியில் பலகையில் உட்கார்ந்தார். கனிமொழியைத் தூக்கி மடியில் வைத்தார்கள். அவள் இவரை அதிகம் பார்த்ததில்லை. மடியில் இருந்தபடி சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். ஆசாரி வலது காதைக் குத்தியதும் வீறிட்டு, மாதுவின் மீசையைப் பிடித்துக்கொண்டாள். இடது காது குத்தி முடிகிற வரை விடவில்லை. போட்டோவில் அப்படித்தான் இருக்கிறது: அவள் அழுகிறாள், மீசையின் ஒரு பக்கம் இழுபட்டு மாதுவுக்கும் கண்ணில் தண்ணீர். வலியினால்தான் என்று அவர் சொல்கிறார்.

படம் எடுத்து முடித்ததும் சுகுணா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கண்ணா லாரி?"

"வழியில நிக்குது."

"போட்டோல வரலியே!"

இலை போட்டார்கள். மாது உட்காரவில்லை, லாரியை எடுக்கப் போனார். ஏரிக்கரையில் இதற்குள் டிராக்டருக்குப் பின்னால் டவுன் பஸ் ஒன்று, மூன்று பைக், ஒரு பால் வண்டி. முடிச்சு அவிழ்த்து முடித்த குரு, முப்பத்தொரு தட்டுக்கு நடுவில் உட்கார்ந்து தன் சீர் வாழைப்பழத்தையே உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"சாவியக் குடுத்துட்டுப் போயிருந்தா நானே எடுத்து ஓரமா வுட்டிருப்பன்லண்ணா?"

"டிரைவரத் தவுர யாரும் ஏறக்கூடாதுடா" என்றார் மாது. பிறகு, "வா, சாப்டலாம். சீரு ரெண்டா வந்தா வேணாங்கவா போறாங்க?" என்றார்.

பகல் பன்னிரண்டரைக்கு எனக்குக் கடைசிப் போன் வந்தது. பின்னணியில் குழந்தை அழுகிற சத்தம்.

"தம்பி, பாப்பா லாரில ஏறணும்னு ஒரே அழுக. கோயில் மைதானத்துல மரத்தடியில நிக்குது. எஞ்சின் ஆப். கல்லு வெச்சிருக்கன். சும்மா சீட்டுல ஒக்கார வெக்கலாமா?"

நான் நான்கு பக்கத்தையும் சுவரிலிருந்து பிரித்து மேசையில் வைத்து முதலிலிருந்து படித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். பின்னால் குழந்தையும்.

"டிரைவரைத் தவிர யாரும் பயணம் செய்யக்கூடாதுன்னுதான் இருக்குங்கண்ணா. ஒக்கார்றதப் பத்தி ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேங்கண்ணா."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போனை அணைக்க மறந்துவிட்டார் போல. முதலில் குழந்தை அழுகையை நிறுத்தியது. அடுத்து ஹாரன், நீளமாக. அப்புறம் சுகுணாவின் குரல், "நானும் ஏறறண்ணா." "அந்தக் கையால புடிக்காத, புடிக்காத, நான் தாங்கிக்கறன்" என்று மாது. மூச்சு வாங்குவது. மறுபடி ஹாரன். திரையில் ஊதாப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. வேகம் பூஜ்யம். ஐம்பத்திரண்டு நிமிடம்.

இப்போது சுகுணா வீட்டு ஹாலில் டி.வி.க்கு மேல் இரண்டு போட்டோ இருக்கிறது. மாது டி.வி. பார்க்கிறார். அந்த ஊரில் அடுத்த மாதம் நடந்த ஒரு காதுகுத்துக்கு வந்த தாய்மாமனிடம், "சீரெல்லாம் சரி, காலி லாரி எங்க?" என்று கேட்டு வம்பு ஆகிவிட்டதாகக் கேள்வி.

பெங்களூரும் சும்மா இருக்கவில்லை. சுற்றறிக்கையில் பதினோராவதாக ஒரு விதி சேர்ந்து வந்தது. சொந்தப் பயணத்தின்போது வாகனத்தை மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் தொடர்ந்து ஓட்டக்கூடாது. நான் அதை ஒட்டினேன். வழக்கம்போல் ஒருவர்தான் படித்தார், நின்றபடி, விரல் வைத்து. படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"பாப்பாவுக்கு இன்னும் பத்து வருசத்துல சடங்கு வரும் தம்பி. அப்பவும் மாமன் சீரு எடுத்துக்கிட்டுப் போவணும்."

"ஆமாங்கண்ணா."

"பம்பைய அடிச்சிக்கிட்டே பத்து கிலோமீட்டரு வேகத்துல ஓடறதுக்கு ஆளு கெடைப்பாங்களா?"